பழைய காரில் ஸ்டீயரிங் கனக்கிறதா? பம்ப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டீயரிங் டைட்டாக இருக்கிறது என்று வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், பானட்டைத் திறப்பதற்கு முன்பே "பம்ப் போயிடுச்சு" என்று தீர்ப்பு வந்துவிடுவது உண்டு. பம்ப்பை மாற்றியும் கனம் குறையாவிட்டால் அடுத்த பழி ரேக்கின் மேல், அதாவது ஸ்டீயரிங்கின் சுற்றை இடம் வலம் நகர்வாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பல் சட்டத்தின் மேல் விழும். இரண்டும் விலை கூடிய சாமான்கள். காற்று குறைந்த டயரும், தளர்ந்த பெல்ட்டும், ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் துருப்பிடித்த ஒரு யுஜே கிராஸும் (மடங்கும் மூட்டு) இதே கனத்தைத் தரும். அதனால் விலை குறைந்த இடத்திலிருந்து தொடங்கி, பம்ப்பையும் ரேக்கையும் கடைசியில் சந்தேகப்படுவதுதான் சரியான வரிசை.

இங்கே சொல்வது ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கைப் பற்றி. பவர் ஸ்டீயரிங் உள்ள இண்டிகா, ஆக்சென்ட், குவாலிஸ், பழைய ஸ்கார்ப்பியோ எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பம்ப்பும், பக்கத்தில் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியோடு ஆயில் டப்பாவும் இருந்தால் அது ஹைட்ராலிக். பவர் ஸ்டீயரிங் வண்டியில் பம்ப்பும் டப்பாவும் இல்லையென்றால் மின்சார மோட்டாரில் இயங்கும் இபிஎஸ். அதற்கான சோதனை வேறு, பின்னால் வருகிறது.

உள்ளே நடப்பது என்ன

எஞ்சின் ஓடும்வரை பம்ப் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நேராக ஓட்டும்போது அந்த ஆயில் ரேக் வழியாகச் சும்மா சுற்றிவிட்டு டப்பாவுக்குத் திரும்புகிறது. அப்போது அழுத்தம் சில பார் (அழுத்தத்தின் அலகு) அளவுதான். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ரேக்கின் மேல்பக்கம் இருக்கும் மெல்லிய டார்ஷன் பார் சற்று முறுக்கிக்கொள்கிறது. அதைச் சுற்றியுள்ள வால்வு ஒரு பக்க வழியைத் திறந்து, ரேக்கினுள் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு ஆயிலை அனுப்புகிறது. முழுவதுமாக ஒடித்துப் பிடித்தால் ஆயிலுக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறக்கும். சிறிய கார்கள் பலவற்றில் இது 70 முதல் 100 பார் வரை.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். அழுத்தம் தருவது பம்ப், அதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வது ரேக்கில் உள்ள வால்வு. இடம் எது வலம் எது என்று பம்ப்புக்குத் தெரியாது. ஆகவே ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருந்தால், பம்ப்பை மாற்றச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு முதல் சோதனை

அதற்கும் முன்னால் டயர். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடியுங்கள். 30 பிஎஸ்ஐ வேண்டிய முன் டயரில் 20 இருந்தால், வண்டியை நிறுத்தும் இடத்தில் திருப்பும்போது கை வலிக்கத்தான் செய்யும். கம்பெனி கொடுத்ததைவிட அகலமான டயர் போட்ட வண்டியிலும் கொஞ்சம் கனம் கூடும், அது கோளாறில் சேராது.

இனி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. எஞ்சின் ஓடக் கூடாது. சாவியைத் திருகி ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். ரேக்கினுள் இருக்கும் ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் சிறிது எதிர்ப்பு இருக்கும். அந்த எதிர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

சக்கரம் காற்றில் இருக்கும்போதும் கனமாக இருந்தாலோ, இடையிடையே பிடித்து விட்டாலோ கோளாறு ஆயிலில் இல்லை, இரும்பில் இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பக்க டைராட் எண்டையும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) கழற்றுங்கள். சுத்தியலால் நட்டின் தலையில் அடித்தால் மரை போய்விடும், அதற்கான புல்லரைப் பயன்படுத்துங்கள். இப்போது ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பாருங்கள். சக்கரமே கனத்தால் மேலே ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங், கீழே லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட், இந்த இரண்டில் ஒன்று. ஸ்ட்ரட் பேரிங் என்றால் திருப்பும்போது காயில் ஸ்பிரிங் சிக்கிச் சிக்கி 'டொங்' என்று விடும். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் மேல் கை வைத்தால் அந்தத் துள்ளல் விரலில் தெரியும்.

சக்கரங்கள் லேசாகச் சுற்றி, ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் ரேக்கோ, ஸ்டீயரிங்கிலிருந்து ரேக்குக்கு இறங்கும் ஷாஃப்ட்டான ஸ்டீயரிங் காலமோதான். ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை டைட்டாகி இரண்டு முறை லூஸானால், கிட்டத்தட்ட உறுதியாக அது கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி இறங்கும் ஷாஃப்ட்டின் யுஜே கிராஸ். ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் இறங்கி துருப்பிடித்திருக்கும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மறுபடியும் பிடிக்கும். மாற்றிவிடுவதே மேல். ஷாஃப்ட்டைக் கழற்றும்போது ஸ்டீயரிங்கைச் சீட் பெல்ட்டால் கட்டி நேராக நிறுத்துங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் தன் போக்கில் சுற்றிவிட்டால் உள்ளிருக்கும் சுருள் கேபிள் அறுந்துவிடும். ஷாஃப்ட் இணையும் இடத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.

வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாமல் நாமே இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பது தனிப் புகார். இதற்கும் இதே சந்தேக நபர்கள்தான், கூடவே ஒருவர் உண்டு: ரேக்கின் அடியில் இருக்கும் அட்ஜஸ்டர் நட். ரேக்கில் 'டக் டக்' சத்தம் வருகிறது என்று போனால், சில பட்டறைகளில் இந்த நட்டை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். சத்தம் நிற்கும். ஆனால் ரேக் பல்லும் அதோடு சேரும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் இறுகிப்போய் ஸ்டீயரிங் திரும்பி வராது. சமீபத்தில் யாராவது அங்கே ஸ்பேனர் போட்டார்களா என்று பாருங்கள், நட்டின் மேல் புதுக் கீறல் காட்டிக்கொடுத்துவிடும்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே பிளேயும் (மூட்டுகளின் தளர்ச்சி) பார்த்துவிடலாம். டயரின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் டைராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வருவது பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங்.

ஆயில் டப்பா சொல்லும் கதை

இரும்புப் பக்கம் சுத்தமாக இருந்தால் ஆயில் பக்கம் வாருங்கள். டப்பாவில் பெரும்பாலும் இரண்டு கோடுகள் இருக்கும். குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனி அளவு போட்டிருந்தால் அதன்படி பாருங்கள். இது மூடிய அமைப்பு, எஞ்சின் ஆயில் போல எரிந்து குறையாது. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான்.

வெள்ளைத் துணியில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) காலப்போக்கில் பழுப்பாவது இயல்பு. கன்னங்கறுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் ஹோஸின் உட்புற ரப்பர் கரைகிறது அல்லது பம்ப் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள் மின்னுகிறதா? பம்ப் உள்ளே தேய்கிறது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் காற்று அல்லது தண்ணீர். ஒரு கண்ணாடிக் கிளாஸில் எடுத்து அரை மணி நேரம் வையுங்கள். தெளிந்தால் காற்று, தெளியாமல் அப்படியே இருந்தால் தண்ணீர். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய சென்னை வண்டி ஒன்றை வாங்க நினைப்பவர்கள் இந்தக் கிளாஸ் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்.

எந்த ஆயில் ஊற்றுவது என்பது பெரும்பாலும் மூடியிலேயே இருக்கும். பல பழைய வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப். ஹோண்டாவுக்கு அதன் சொந்த ஆயில்தான், ஏடிஎஃப் கூடாது. பிரேக் ஆயிலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். பவர் ஸ்டீயரிங் சீல்களின் ரப்பர் அதில் ஊதி உருக்குலைந்துவிடும். தெரியாமல் ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் முதலில் வடித்துவிடுங்கள். கசிவை நிறுத்தும் என்று விற்கும் பாட்டில் மருந்தும் வேண்டாம். சீலை ஊத வைத்து இரண்டு மாதம் ஓட்டும், பிறகு பழைய கதைதான்.

காற்று நுழைந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு எளிய வழி உண்டு. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்ததும் மட்டம் சட்டென்று 5 மி.மீ.க்கு மேல் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று, அழுத்தம் போனதும் விரிந்து ஆயிலை மேலே தள்ளுகிறது.

காற்று வரும் வழி பெரும்பாலும் டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் சக்‌ஷன் ஹோஸ். இது உறிஞ்சும் பக்கம் என்பதால் எஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரமே இருக்காது, அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கிளிப் தளர்ந்திருக்கலாம், ஹோஸ் முனை காய்ந்து வெடித்திருக்கலாம், பம்ப்பில் செருகும் குழாயின் ஓ-ரிங் கெட்டியாகியிருக்கலாம். எலி கடித்த பல் தடமும் அரிதல்ல. ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸை அப்பி எஞ்சினை ஓடவிடுங்கள். எந்த இடத்தில் அப்பியதும் பம்ப்பின் முனகல் குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. டப்பாவின் அடியில் உள்ள சல்லடை அடைத்திருந்தாலும் இதே முனகல் வரும். பல வண்டிகளில் சல்லடையைத் தனியாக எடுக்க முடியாது, டப்பாவோடு மாற்ற வேண்டும்.

சத்தம்

முழுவதும் ஒடிக்கும்போது 'கீச்' என்று கத்தினால் பெல்ட். தொடர்ந்து 'ஊ...ம்' என்று முனகி, ஆக்சிலரேட்டரோடு ஏறினால் ஆயில் குறைவு, காற்று, அடைத்த சல்லடை. இவை மூன்றும் சரியாக இருந்தும் முனகினால்தான் பம்ப் பேரிங் அல்லது உள் பிளேடுகள். கோடியில் பிடித்திருக்கும்போது 'ஸ்ஸ்' என்ற சீறல் ரிலீஃப் வால்வின் இயல்பான சத்தம், விட்டுவிடுங்கள். அப்படி 5 விநாடிக்கு மேல் பிடிக்காமல் இருப்பது பம்ப்புக்கு நல்லது.

பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் சுமார் 10 கிலோ விசையில் அழுத்தினால் பொதுவாக 8 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. உட்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஆயில் பட்டு ஊறிய பெல்ட்டும் அப்படியே, ஆனால் முதலில் அந்த ஆயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வழுக்குகிறது என்று பெல்ட்டைக் கம்பி போல இறுக்கினால் பம்ப் பேரிங் போய்விடும். சிறு கோளாறிலிருந்து பெரிய செலவை உண்டாக்கும் வேலை அது.

எப்போது கனக்கிறது?

ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) மட்டும் கனத்து, எஞ்சினை 1,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் லேசாகிறது என்றால் பெல்ட் வழுக்கலைப் பார்த்துவிட்டு பம்ப் தேய்மானத்தைச் சந்தேகியுங்கள். ஆயில் சூடானபின் இன்னும் கனத்தால் சந்தேகம் கூடும். சூட்டில் ஆயில் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியே அதிகமாக ஒழுகுகிறது.

காலையில் கனம், பத்து நிமிடம் ஓடியபின் சரி என்றால் அது பெரும்பாலும் ரேக் வால்வு. வால்வின் டெஃப்லான் வளையங்கள் அதைச் சுற்றியுள்ள அலுமினிய உறையில் பள்ளம் தோண்டிவிடும். வளையம் சூடாகி விரியும்வரை அந்தப் பள்ளம் வழியே ஆயில் தப்பிக்கும். 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது பரவலாக இருந்ததால், அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்குக் 'காலை நோய்' என்றே பெயர் வைத்தார்கள். உறையில் பள்ளம் விழுந்தபின் சீல் கிட் மட்டும் போட்டால் நிற்காது.

வேகமாகத் திருப்பினால் மட்டும் திடீரென்று கல்லாகிறது, மெதுவாகத் திருப்பினால் இல்லை என்றால் பெல்ட், அதற்கடுத்து பம்ப்பில் உள்ள ஃப்ளோ வால்வு. பிரஷர் பைப்பின் யூனியனை (இணைப்பு நட்) கழற்றினால் பல பம்ப்புகளில் அதற்குப் பின்னால் ஸ்பிரிங்கும் சின்ன உருளையும் வரும். ஆயில் தடவிய அந்த உருளை தன் எடையிலேயே துளையில் வழுக்கி இறங்க வேண்டும். அழுக்கில் சிக்கினால் கழுவிப் போட்டாலே பம்ப் பிழைத்துவிடும்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர். மாறாவிட்டால் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, கையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் ஓடினால் ரேக் வால்வின் நடுநிலை தவறியிருக்கிறது. ஓடாவிட்டால் அலைன்மென்ட், பிரேக் பிடித்தல் இவற்றைப் பார்க்க வேண்டும்.

ஐடிலில் ஒடிக்கும்போது எஞ்சின் தடுமாறி அணைகிறது என்பதும் சிலரது புகார். பம்ப்பிலோ பிரஷர் பைப்பிலோ ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கும். பாரம் ஏறுகிறது, ஐடிலைக் கூட்டு என்று எஞ்சினுக்குச் சொல்வது அதுதான். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்து, ஒருவரை ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொல்லுங்கள். ஒடிக்கும்போதும் விடும்போதும் ரீடிங் மாறாவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் மீட்டரின் மறுமுனையை எஞ்சின் பாடியில் வையுங்கள்.

பம்ப்பா ரேக்கா: கேஜ் சோதனை

இதுவரை வந்தும் விடை கிடைக்காவிட்டால் ஊகத்தை நிறுத்திவிட்டு கேஜ் போட வேண்டும். குறைந்தது 150 பார் காட்டும் பிரஷர் கேஜ், அதோடு ஒரு அடைப்பு வால்வு. இதை பம்ப்புக்கும் பிரஷர் ஹோஸுக்கும் நடுவே பொருத்துங்கள். ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் கடைகளில் அடாப்டர் செய்து வாங்கலாம். கேஜ் ரேக் பக்கம் இருக்கக் கூடாது, வால்வுக்கும் பம்ப்புக்கும் இடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வால்வை மூடியதும் எதுவும் காட்டாது.

காற்றை வெளியேற்றி, ஆயில் கை பொறுக்காத அளவு சூடாகும்வரை ஓடவிடுங்கள். வால்வு முழுவதும் திறந்து, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது சில பார் மட்டுமே காட்ட வேண்டும். 10 பாரைத் தாண்டினால் ரேக்கிலோ திரும்பும் ஹோஸிலோ அடைப்பு. இப்போது வால்வை மூடுங்கள், 5 விநாடிக்கு மேல் வேண்டாம், அதற்குள் படித்துவிட்டுத் திறந்துவிடுங்கள். கையேட்டில் சொன்ன ரிலீஃப் அழுத்தம் வந்தால் பம்ப் நலம். வராவிட்டால் பம்ப் அல்லது அதன் வால்வு. பம்ப் நலமென்று தெரிந்தபின், வால்வைத் திறந்தபடி ஸ்டீயரிங்கை இடக்கோடி வலக்கோடிவரை ஒடித்துப் பாருங்கள். அதே அழுத்தம் வந்தால் ரேக்கும் நலம். குறைந்தால் ரேக்கினுள் ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தப்புகிறது.

கசிவு

ஆயில் ஓடி எங்கெங்கோ சொட்டும் என்பதால், சொட்டும் இடம் கசியும் இடமல்ல. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, முகப் பவுடரைத் தூவிவிட்டு ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். பவுடர் முதலில் நனையும் இடம்தான் மூலம். பிரஷர் ஹோஸில் ரப்பரும் இரும்பும் சேரும் கிரிம்ப், பம்ப் புல்லிக்குப் பின்னால் ஷாஃப்ட் சீல், ரேக்கின் மேல் பினியன் சீல் இவை வழக்கமான இடங்கள். ரேக்கின் இரண்டு முனை ரப்பர் பூட்டையும் அமுக்கிப் பாருங்கள். உள்ளே களக் களக் என்று ஆயில் ஆடினால் ரேக் முனை சீல் போய்விட்டது. பூட் கிழிந்து மண்ணும் நீரும் புகுந்து ராடில் துருப்புள்ளி விழுந்திருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும், ரேக்கையே மாற்ற வேண்டும். யூனியனைக் கழற்றும்போதெல்லாம் புது செம்பு வாசர் போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டும் கசிவைத் தள்ளிப்போடக் கூடாது, தீப்பிடிக்கும்.

ஆயில் மாற்றுவதும் காற்று எடுப்பதும்

பம்ப் மாற்றினாலும் ரேக் மாற்றினாலும் பழைய ஆயிலைக் கழுவி எடுத்தாக வேண்டும். செத்த பம்ப்பின் இரும்புத் தூள் குழாய்களில் மிச்சமிருந்தால் புது ரேக் வால்வைக் கீறும். சிறிய கார்களில் அமைப்பு முழுவதும் சுமார் ஒரு லிட்டர்தான் பிடிக்கும். கழுவ இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்தைத் தூக்குங்கள். டப்பாவில் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டு, திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள், டப்பாவின் அந்த முனையை அடைத்துவிடுங்கள். ஒருவர் புது ஆயிலை ஊற்ற ஊற்ற, இன்னொருவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்ப வேண்டும். டப்பா காலியாகவே விடாதீர்கள். பாட்டிலில் சுத்தமான ஆயில் வரத் தொடங்கியதும் ஹோஸைத் திரும்ப மாட்டுங்கள்.

மறுபடியும் எஞ்சின் ஓடாமலே 15, 20 முறை மெதுவாகக் கோடிக்குக் கோடி. மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். டப்பாவில் குமிழி நின்றதும் ஸ்டார்ட் செய்து, ஐடிலிலேயே, கோடியில் பிடிக்காமல் பத்து முறை திருப்புங்கள். நுரை வந்தால் அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், நுரையோடு ஓடவிட்டால் ஆயில் இன்னும் அடித்துக் கலங்கும். அவசரப்படுபவர்கள் இந்த இடத்தில்தான் புது பம்ப்பையும் கெடுக்கிறார்கள்.

இபிஎஸ் வண்டி என்றால்

ஆயிலும் இல்லை, பெல்ட்டும் இல்லை. யுஜே கிராஸ், ஸ்ட்ரட் பேரிங் போன்ற இரும்புச் சோதனைகள் இதற்கும் பொருந்தும். அதன்பின் மின்சாரம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஒடிக்கும்போது அது சரிந்தால் ஆல்டர்னேட்டர், பேட்டரி முனை, பாடி எர்த் வயர் இவற்றைப் பாருங்கள். மோட்டார் கணிசமான கரண்ட்டை இழுப்பதால், எர்த்தில் கொஞ்சம் துரு இருந்தாலே விளக்கு எரிந்து உதவி நின்றுவிடும். இவை சரியாக இருந்தும் இபிஎஸ் விளக்கு அணையாவிட்டால் ஸ்கேனர் போட்டு பிழைக் குறியீட்டைப் படித்த பிறகே மோட்டார், டார்க் சென்சார் பற்றிப் பேச வேண்டும்.

ஹைட்ராலிக் வேலை முடிந்த வண்டியை அன்றிரவு செய்தித்தாள் விரித்து அதன் மேல் நிறுத்துங்கள். 100 கி.மீ. ஓடியபின் ஆயில் மட்டத்தையும் பெல்ட் இறுக்கத்தையும் இன்னொரு முறை பாருங்கள், புது பெல்ட் அதற்குள் சற்றுத் தளர்ந்திருக்கும். டைராட் எண்டைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட்டும் சரிபாருங்கள்.